பக்கத்திலேயே ஒரு பிக்னிக்... வெயிலை ஜெயிச்சுட்டு வாங்க!

‘‘லீவு விட்டு ஒரு வாரம் ஆச்சு. எதிர் ஃப்ளாட்ல எல்லாரும் கொடைக்கானல் போயிட்டாங்க. நாம எப்பம்மா போறோம்?’’

பரீட்சை முடிந்த மறுநாளே வீட்டுக்கு வீடு ஆரம்பித்துவிடுகிற பாட்டு இது. நமக்கு மட்டும் ஆசை இல்லாமலா? கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. நாலு பேருக்கு ரயில் டிக்கெட், ஸீஸன் நேரத்து ரூம் வாடகை, அங்கே போய்ச் சுற்றிப் பார்க்க ஒரு வேன்... போதாக்குறைக்கு, 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக வேண்டுமானால் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது.

‘சரி, பக்கத்துல எங்கேயாவது கூட்டிட்டுப் போவோம்’ என்று முடிவெடுக்கிறீர்கள். நல்ல முடிவுதான். ஆனால், அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஊட்டி என்றால் ஸ்வெட்டரில் ஆரம்பித்து தைலம் வரைக்கும் ஒரு மாதம் முன்னாலேயே எடுத்து வைக்கிற நாம், ‘இதோ, இங்கேதானே’ என்று உள்ளூருக்குக் கிளம்பும்போது ஒரு யோசனையும் பண்ணுவதில்லை. குளிரடிக்கிற ஊருக்கு அவ்வளவு ஜாக்கிரதை... கொளுத்துகிற ஊருக்குள்ளே சுற்ற ஒரு ஏற்பாடும் கிடையாது!

எனக்கு இது உறைத்தது, பட்ட பிறகுதான்.

நாங்கள் சென்னைவாசிகள். சில வருஷங்களுக்கு முன், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கிளம்பினோம். நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், அறுபத்தெட்டு வயது மாமியார். விடியற்காலையில் புறப்படுவதாகத்தான் திட்டம். இட்லி ஊற்றி, புளியோதரை கிளறி, பிள்ளைகளைத் தட்டி எழுப்பி, இவர் சாவகாசமாகப் பேப்பர் படித்து முடித்து... வண்டி எடுக்கும்போது மணி பத்து. ஈ.சி.ஆர். நெரிசலில் ஊர்ந்து போய் அர்ச்சுனன் தபசு முன்னால் இறங்கியபோது பதினொன்றரை தாண்டிவிட்டது.

அந்த நேரத்து மாமல்லபுரத்தை நினைத்துப் பாருங்கள். மேலே வெயில். கீழே பாறை தோசைக்கல் மாதிரி. சுற்றிலும் இருக்கிற கல்லெல்லாம் வாங்கிய சூட்டைத் திருப்பி நம் மேலேயே அடிக்கிறது. பிள்ளைகள் வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்த்ததும் அனலை மறந்து ஓடிவிட்டார்கள். மாமியார் சத்தமே போடாமல் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஐந்து ரதத்துக்கும் வந்தார். கடற்கரைக் கோயிலை நெருங்கும்போதுதான், ‘‘ஏம்மா... கண்ணை இருட்டிக்கிட்டு வருதே’’ என்று என் தோளைப் பிடித்தார். அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் சில்லென்று வியர்வை. ஒரு வாந்தி. கூப்பிட்டால் ‘உம்’ என்று மட்டும் பதில்.

நிழலில் படுக்க வைத்து, தண்ணீர் தெளித்து, பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, இரண்டு பாட்டில் ஸலைன் ஏற்றிக்கொண்டு ராத்திரி வீடு வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கணுமே! ‘நாம கூப்பிட்டதாலதான் பாட்டிக்கு இப்படி ஆச்சோ’ என்று பெரியவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தண்ணி குடிச்சீங்களா?

மறுநாள் எங்கள் குடும்ப டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ‘‘காலையில இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?’’

மாமியார் தயங்கினார். ‘‘ஒரு டம்ளர் காபி குடிச்சேன்...’’

‘‘அப்புறம்?’’

‘‘அவ்வளவுதான். வழியில பாத்ரூம் இருக்குமோ, இருக்காதோ... இருந்தாலும் எப்படி இருக்குமோ... அதான்...’’

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அன்றைக்கு நானும் அதே காரியத்தைத்தான் செய்திருந்தேன்! நீங்களும் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கல்யாணம், கோயில், பஸ் பயணம்... வெளியே கிளம்பும் அன்றைக்குத் தண்ணீரைத் தொடாமல் இருப்பது நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அம்மாவைப் பார்த்து மகள் தானாகக் கற்றுக்கொள்கிறாள். மார்கழியில் இதைச் செய்தால் தலைவலியோடு போகும். நாளாவட்டத்தில் நீர்க்கடுப்பு, சிறுநீர்ப் பாதைத் தொற்று என்று இழுத்துவிடும். சித்திரை, வைகாசியில் செய்தால் அன்றைக்கே ஆளைச் சாய்த்துவிடும்.

மாமியார் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் ‘நீர் மாத்திரை’ என்று சொல்வோமே, அதுவும் கலந்திருந்தது. உடம்பில் இருக்கும் உப்பையும் தண்ணீரையும் சிறுநீராக வெளியேற்றுவதுதான் அதன் வேலை. அது ஒரு பக்கம் வெளியேற்ற, வியர்வை இன்னொரு பக்கம் வெளியேற்ற, உள்ளே போனதோ ஒரு டம்ளர் காபி! பத்தாததற்கு, வயதாக ஆகத் தாக உணர்ச்சியே மங்கிவிடும். ‘தாகமா இருந்தா கேட்பாங்க’ என்று பெரியவர்கள் விஷயத்தில் இருந்துவிடக் கூடாது. (இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ப்ளீஸ்! கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இருதயக் கோளாறு, கிட்னி கோளாறு என்று தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டவர்களும் அப்படியே.)

நம் உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ள வைத்திருக்கும் பெரிய ஆயுதம் வியர்வை. ஆனால், வியர்த்தால் மட்டும் போதாது. அந்த வியர்வை காற்றில் காய வேண்டும். காயும்போதுதான் தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் ஜாஸ்தி. அதனால் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உடம்பில் இருக்கும் தண்ணீர் போகிறது, உப்பு போகிறது, சூடு மட்டும் போகமாட்டேன் என்கிறது. ‘வேலூர்ல நாற்பத்திரண்டு டிகிரியாம், நம்ம ஊர்ல முப்பத்தெட்டுதானே’ என்று சென்னைக்காரர்கள் அலட்சியமாக இருக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

கடல் காற்று எப்போ வரும்?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். எந்த இடம் என்று முடிவு பண்ணுவதற்கு முன்னால், எத்தனை மணிக்கு என்று முடிவு பண்ணணும்!

மே மாதத்தில் சென்னையில் ஐந்தே முக்கால் மணி சுமாருக்குச் சூரியன் உதிக்கிறது. ஒன்பது மணிவரை பொறுத்துக்கொள்ளலாம். பத்தரைக்கு மேல் தரை நன்றாகச் சூடாகிவிடும். தரை சூடான அளவுக்குக் கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தரைக்கு மேலே இருக்கும் காற்று சூடாகி மேலே எழும்ப, அந்த இடத்தைப் பிடிக்கக் கடலில் இருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இதுதான் நாம் ஆசையாகக் காத்திருக்கிற கடல் காற்று. பெரும்பாலான நாட்களில் நடுப்பகலையொட்டி உள்ளே வந்துவிடும். முதலில் அனுபவிப்பது மெரினாவும் பெசன்ட் நகரும். தாம்பரம், பூந்தமல்லிப் பக்கமெல்லாம் போய்ச் சேரத் தாமதமாகும்.

மே மாதக் கடைசியில் ஒரு சிக்கல் வரும். மேற்கே இருந்து தரைக்காற்று பலமாக வீசி, கடல் காற்றை உள்ளே விடாமல் தடுத்து நிறுத்தும். அந்த மாதிரி நாட்களில்தான் ஊர் வறுபடுகிறது. 2003-ம் வருஷம் மே 31-ம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானதே, அதுவும் அப்படிப்பட்ட மே மாதக் கடைசிதான். மத்தியானம் மொட்டைமாடியில் காயும் துணி கிழக்கிலிருந்து மேற்காகப் பறந்தால் கடல் காற்று வந்தாச்சு என்று அர்த்தம். மேற்கிலிருந்து அனலாக அடித்தால், அன்றைக்குச் சாயங்காலப் புரோக்ராமைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். எங்கள் வீட்டில் இந்த ‘வானிலை அறிக்கை’ வாசிப்பது சின்னவன் வேலை. ரொம்பப் பெருமையாகச் செய்கிறான்!

காலையில் கிளம்பினால்...

பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். சாயங்காலம் பார்க்கிற இடமா இது என்று ஆகிவிடும். பஜ்ஜிக்கடைப் புகை கிடையாது, கூட்டம் கிடையாது. வலையோடு திரும்பும் மீனவர்கள், அலை பின்வாங்கும்போது ஓட்டமாக ஓடும் நண்டுகள், ஈர மணலில் கிளிஞ்சல். ஏழரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இட்லி சாப்பிடலாம். மொத்தச் செலவு பஸ் டிக்கெட்தான்.

இதே கடற்கரையில் இன்னொரு அதிசயமும் உண்டு. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. ஜனவரியில் ஆரம்பித்து மார்ச், ஏப்ரல் வரை ராத்திரியில் வந்து மணலைத் தோண்டி முட்டையிட்டுவிட்டுப் போகும். 1988-ல் இருந்து மாணவர்கள் குழு ஒன்று ஸீஸனில் ராத்திரி பூராவும் கரையோரம் நடந்து, அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து வைத்துப் பொரிக்க வைக்கிறது. வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. சுமார் ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளியே வரும். மார்ச், ஏப்ரலில் சாயங்காலங்களில் அவற்றைக் கடலில் விடுவதைப் பொதுமக்களும் எட்ட நின்று பார்க்கலாம். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத குஞ்சு, தட்டுத் தடுமாறி அலையைத் தேடிப் போவதைப் பார்த்த பிள்ளைகள் அப்புறம் கடற்கரையில் பிளாஸ்டிக் கவரைப் போடமாட்டார்கள். செல்போனில் ஃப்ளாஷ் மட்டும் அடிக்க வேண்டாம். வெளிச்சத்தை நம்பித் திசை மாறிவிடும்.

கடலில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை. பெசன்ட் நகரில் வெள்ளையாக ஒரு மண்டபம் இருக்கிறதே, அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாதவர் யாரும் இருக்கமாட்டோம். 1930-ல் மற்றவர்களைக் காப்பாற்றப் போய்க் கடலில் மூழ்கி இறந்த ஷ்மிட் என்பவரின் நினைவாகக் கட்டியது அது. சென்னைக் கடலின் சுபாவம் அன்றும் இன்றும் ஒன்றுதான். கரையருகே அலைகளுக்கு நடுவில் அமைதியாகத் தெரிகிற இடம்தான் ஆபத்து. கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் வேகமாக உள்ளே திரும்பிப் போகும். நீச்சல் தெரிந்தவர்களையே இழுத்துவிடும். கணுக்கால் நனைந்தால் போதும், பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

அடுத்தது கிண்டி. ஊருக்கு நடுவில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிற அதிர்ஷ்டம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆனால், உள்ளே வெளிமானும் புள்ளிமானும் நிஜமாகவே சுதந்திரமாகத் திரிகின்றன. காட்டுக்குள் நாம் இஷ்டத்துக்குப் போக முடியாது. அதையொட்டி இருக்கும் சிறுவர் பூங்காவை 2024-ல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 1972-ல் ஆரம்பிக்கப்பட்ட பாம்புப் பண்ணை. திறந்தவுடன் முதல் ஆளாக உள்ளே போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடுவது புத்திசாலித்தனம். மரநிழல் என்பது சும்மா இல்லை. இலைகள் வெளிவிடும் நீராவியே சுற்றுப்புறத்தைக் குளிர வைக்கிறது. தார் ரோட்டில் இருந்து உள்ளே காலெடுத்து வைத்ததுமே உங்கள் தோல் சொல்லிவிடும்.

வண்டலூர்? பிள்ளைகள் கேட்காமல் இருக்கமாட்டார்கள். 1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் ஆரம்பித்த மிருகக்காட்சிசாலை, பிற்பாடு சென்ட்ரல் அருகே இருந்து, 1985-ல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்த கதையைப் போகும் வழியில் சொல்லுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அந்தப் பழைய ‘ஜூ’வைப் பார்த்த கதையை அவர்கள் சொல்வார்கள். ஆனால், இது ரொம்பப் பெரிய இடம். ‘எல்லாத்தையும் பார்த்தே ஆகணும்’ என்று நடந்தால் மத்தியானம் ஒரு மணிக்கு யாராவது ஒருவர் படுத்துவிடுவார். புலியும் சிங்கமுமே அந்த நேரத்தில் நிழலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா? காலையில் நாலு கூண்டு, பாக்கி அடுத்த லீவுக்கு.

பகல் பூராவும் வெளியே இருந்தே ஆக வேண்டும் என்கிற நிலைமை வந்தால், எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். 1851-ல் ஏற்படுத்தியது. தலைக்கு மேல் கூரை உண்டு. திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்தபடியே சின்னவன் பத்து நிமிஷம் வாயை மூடவில்லை. வெண்கலச் சிலைகள் இருக்கும் இடத்தில் பெரியவர்களுக்கு நேரம் போவதே தெரியாது. எந்த இடத்துக்கும் வார விடுமுறை ஒன்று உண்டு. அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, வண்டலூருக்குச் செவ்வாய். கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது உத்தமம். பூட்டிய கேட்டுக்கு முன்னால் வெயிலில் நிற்பதை விடக் கொடுமை உண்டா?

போகக் கூடாத இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேடந்தாங்கல். ‘பறவைகள் சரணாலயம்’ என்று ஆசையாக மே மாதத்தில் போய், வறண்ட ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். பறவைகள் வருவது நவம்பர் முதல் மார்ச் வரை. பொங்கல் லீவுக்கு எடுத்து வையுங்கள்.

பறவைதான் வேண்டும் என்றால் உங்கள் தெருவிலேயே இருக்கிறதே! கோடையில் விடியும் முன்பே கூவ ஆரம்பிக்கும் குயிலைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். கூவுவது கறுப்பான ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். அது காக்கா கூட்டில் முட்டையிட்டுவிட்டு நைஸாக நழுவுகிற கதையைச் சொன்னால் பிள்ளைகள் ஒரு வாரம் காக்கா கூட்டையே காவல் காப்பார்கள். சரக்கொன்றை மஞ்சளாகக் குலுங்குவதும் இந்த மாதத்தில்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நாலு தெரு நடந்து எத்தனை மரம் என்று எண்ணிவிட்டு வரலாம். சித்ரா பௌர்ணமி அன்று மொட்டைமாடியில் நிலாச்சோறு சாப்பிட்டுப் பாருங்கள். சாயங்காலமே நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றித் தரையை ஆற விட்டுவிட வேண்டும். பகலெல்லாம் குடித்த சூட்டை கான்கிரீட் ராத்திரி வெகுநேரம் வரை கக்கிக்கொண்டே இருக்கும்.

கூடையில என்ன இருக்கு?

முதலில் தண்ணீர். ஆளுக்கொரு பாட்டில், அவரவர் கையில். ‘எல்லாம் அம்மா பையில இருக்கு’ என்றால் யாரும் குடிக்கமாட்டார்கள். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் எல்லோரும் ஒரு பெரிய டம்ளர் குடித்துவிட்டு, பாத்ரூம் போய்விட்டு வண்டி ஏறுங்கள். போகிற இடத்தில் சுத்தமான டாய்லெட் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே விசாரித்து வைப்பது டிரைவர் வேலை, அதாவது வீட்டுக்காரர் வேலை. இதை அவரிடம் ஒப்படைத்துப் பாருங்கள். பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் புரியும்! சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருந்தால் தண்ணீர் போதுகிறது. கடுகெண்ணெய் நிறத்துக்கு வந்தால் உடனே குடித்தாக வேண்டும்.

வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீர் மட்டும் பத்தாது. உப்புப் போட்ட நீர்மோரைப் போலக் கைகண்ட மருந்து வேறில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். இல்லாவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை. உப்பு ஒரு சிட்டிகைகூட அதிகமாகக் கூடாது, குழந்தைகளுக்கு ஆபத்து. இளநீர், நுங்கு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். கண் முன்னாலேயே சீவித் தரச் சொல்லுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் கிட்னி நோயாளிகள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு நம் பாட்டிகள் கண்டுபிடித்த கட்டுச்சோற்றை அடிக்க ஆளில்லை. புளியோதரையில் புளிப்பும் எண்ணெயும் இருப்பதால் சீக்கிரம் கெடாது. தயிர்சாதம் என்றால் குழைந்த சாதத்தில் ஆற வைத்த பாலை நிறைய விட்டு, ஒரு ஸ்பூன் தயிர் கலந்து எடுத்துப் போனால் மத்தியானம் புளிக்காமல் இருக்கும். தேங்காய்ச் சட்னியும் உருளைக்கிழங்கு மசாலாவும் இந்த வெயிலுக்கு வேண்டவே வேண்டாம். மிஞ்சின சாதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சூடு பண்ணிச் சாப்பிடுவதும் தப்பு. சாதத்தில் வளரும் சில கிருமிகள் விடும் நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது.

வெளியே வாங்குவதில் நான் ரொம்பப் பயப்படுவது ஐஸுக்குத்தான். கரும்புச் சாறு, சர்பத், பழ ஜூஸ் எல்லாவற்றிலும் உடைத்துப் போடுகிறார்களே, அந்த ஐஸ்கட்டி எந்தத் தண்ணீரில் செய்தது, எந்தக் கோணியில் சுற்றி வந்தது என்று யாருக்குத் தெரியும்? டைஃபாய்டு, மஞ்சள் காமாலை இரண்டுக்கும் கோடையில் இது ராஜபாட்டை. ‘ஐஸ் போடாம கொடுங்க’ என்று சொல்ல வெட்கமே வேண்டாம். வெட்டி வைத்த தர்பூசணிப் பத்தையும் அதே கதைதான். முழுப் பழமாக வாங்கி வீட்டில் நறுக்கிக்கொண்டு போங்கள்.

பருத்தித் துணி, தொப்பி, குடை, செருப்பு... இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்றே ஒன்று: ‘அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்’ என்று தூங்கும் குழந்தையையோ பெரியவரையோ வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகவே போகாதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பிரயோஜனமில்லை. பத்தே நிமிஷத்தில் உள்ளே பத்து டிகிரி வரை ஏறிவிடும்.

இந்த அறிகுறி தெரிந்தால்...

நிறைய வியர்வை, தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு. குழந்தையானால் காரணமில்லாமல் நச்சரிப்பு, விளையாட்டில் சுருசுருப்புக் குறைவது. இதெல்லாம் உடம்பு அடிக்கும் முதல் மணி. உடனே நிழல். படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, துணிகளைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது, உடம்பு நெருப்பாகச் சுடுகிறது... இது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, மூளையையே பாதிக்க ஆரம்பித்திருக்கிறது. ‘வியர்க்குதே, அதனால இருக்காது’ என்று நினைத்துவிடாதீர்கள். வியர்வை இருந்தாலும் வரலாம். 108-க்குப் போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காதீர்கள். கிடைக்கிற தண்ணீரை உடம்பு பூராவும் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். (ஐஸுக்கு உருப்படியான ஒரு வேலை!) நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். காய்ச்சல் மாத்திரையும் கூடாது. இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை, அதனால் மாத்திரை கேட்காது.

மாமியார் அதற்கப்புறம் ரொம்ப நாள் எங்களோடு எங்கேயும் வரவில்லை. ‘‘நான் வீட்டைப் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க’’ என்பார். முட்டி வலியும் சேர்ந்துகொண்டு, மணலில் நடக்கவும் பயம். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்கும் பெரியவர்களுக்கும் வசதியாக மணலுக்குக் குறுக்கே மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்தது, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, மறுபடி சரிசெய்யப்பட்டது. சக்கர நாற்காலியே போகும். போன கோடையில் ஒருநாள், காலை ஐந்தே முக்காலுக்கு அவரை அங்கே அழைத்துக்கொண்டு போனோம். இரண்டு பக்கமும் பேரன் பேத்தி கையைப் பிடித்துக்கொள்ள, பாதை முடியும் இடம்வரை நடந்து போய், அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சூரியன் மேலே வருவதைப் பார்த்தார். ஏழு மணிக்கு நாங்களே ‘‘கிளம்பலாமா அத்தை?’’ என்று கேட்க வேண்டியிருந்தது.

காரில் ஏறினதும் தன் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு நீர்மோர் குடித்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். ‘‘அந்தக் கடற்கரைக் கோயிலை நான் சரியாப் பாக்கவே இல்லையே... அதை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?’’

காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள்.